மூன்று விநாடி இருட்டு

திருச்செல்வத்துக்கு வயர் கண்ணில் படக்கூடாது. கோயில் திருவிழாவுக்கு யாராவது சரவிளக்கைத் தாறுமாறாகத் தொங்கவிட்டிருந்தால், சாமியை விட்டுவிட்டு அதையே முறைத்துக்கொண்டு நிற்பார். கல்யாண மேடைக்குப் பின்னால் வயர் கொத்துக் கொத்தாகக் கிடந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இருபத்தெட்டு வருடமாக வயர்மேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பாதிக் கடைகளுக்கு அவர்தான் வயரிங் செய்தவர். சோதிக்க வரும் அதிகாரிகள்கூட, செல்வம் செய்த வேலையா என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள் என்பார். இந்தப் பெருமையெல்லாம் அவரே ஊருக்குச் சொன்னதுதான். ஆனாலும் பொய்யில்லை.

கிள்ளானில் யோகநாதன் புதிதாகத் திறக்கவிருந்த கணினி விளையாட்டுக்கூடத்தின் வேலை, மகள் ஷாமினி மூலமாக அவருக்கு வந்தது. ஷாமினிக்கு இருபத்திரண்டு வயது, ஒரே பிள்ளை. கணினி விளையாட்டைப் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களுக்கு அவளை விளங்க வைப்பது கஷ்டம். ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர் துப்பாக்கியோடு மோதுகிற ஆட்டம். காலை ஒன்பது மணிக்குப் போனால் மாலை ஏழு வரை, வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி பயிற்சி செய்வாள். தேர்வுப் போட்டியில் அவள் அணி ஜெயித்தால் பாங்காக் போகலாம், திரும்பி வந்தால் ஒரு கிளப்பில் மாதச் சம்பளத்துக்கு ஒப்பந்தம். டிப்ளோமாவைப் பாதியில் விட்டபோது திருச்செல்வம் ஒரு மாதம் கத்தித் தீர்த்தார். பிறகு அவளுடைய ஆட்டத்தைப் பற்றி யாரோ இந்தோனேசியாவில் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், மாமாக் டீக்கடையில் தெரியாதவர்களிடமெல்லாம் போனை நீட்டி மகளைக் காட்ட ஆரம்பித்தார். மனைவி புனிதாதான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாள்.

கூடத்துக்குப் பன்னிரண்டு மானிட்டர்கள் வந்து இறங்கின. அப்போதுதான் சந்தைக்கு வந்த ரகம். சாதாரணத் திரையைவிட நாலு பங்கு கூடுதல் புள்ளிகள், விநாடிக்கு இருநூற்று நாற்பது படம். இருப்பது இரண்டு கண்தானே, இத்தனை படத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டுச் சிரித்தார் திருச்செல்வம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு கேபிள் இருந்தது. தடியாக, முரடாக, ஒரு மீட்டருக்குச் சற்றே மேல். இவ்வளவு விலைக்கு விற்கிறவன் இன்னும் ரெண்டு முழம் சேர்த்துக் கொடுத்தால் குறைந்தா போவான் என்று அவருக்கு எரிச்சல். அவர் மேசைகளுக்குப் பின்னால் வெள்ளைக் குழாய்ப்பெட்டி அடித்து, கரண்ட், நெட்வொர்க் எல்லாவற்றையும் அதற்குள் ஒளித்துக்கொண்டு வந்திருந்தார். இந்தக் குட்டைக் கேபிள் அந்த வழியாகச் சுற்றி வராது. மேசைக்கும் கணினிக்கும் நடுவே அந்தரத்தில் தொங்கும், வருகிறவன் போகிறவன் கண்ணிலெல்லாம் படும்.

அது அவரால் ஆகாத காரியம். பன்னிரண்டையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு ஸ்டோர் ரூமில் தள்ளினார். கோலாலம்பூருக்குப் போய் மூன்று மீட்டர் கேபிள் பன்னிரண்டு வாங்கி வந்தார். நல்ல சாமான்தான், மெலிசாக வளைந்து கொடுத்தது. ரெண்டு முனையும் அதே அச்சு, அதே ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தது. படம் வந்தது. பன்னிரண்டு திரையிலும் வண்ண மீன்களை நாள் முழுக்க நீந்தவிட்டுப் பார்த்தார். ஒரு மீன்கூடத் தடுமாறவில்லை. வாரண்டிப் படிவத்தில், பெட்டியோடு வந்த கேபிளே பொருத்தப்பட்டது என்று ஒரு கட்டம் இருந்தது. எல்லாக் கட்டத்திலும் டிக் போட்ட கையோடு அதிலும் போட்டுக் கையெழுத்து வைத்தார்.

மீன் படம் ஓடியது சாதாரண வேகத்தில். ஆட்டக்காரர்கள்தான் பிற்பாடு உள்ளே போய் முழு வேகத்துக்கு ஏற்றிக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், படம் வந்தால் வந்ததுதானே என்றுதான் சொல்லியிருப்பார்.

கூடத்தில் நடந்த முதல் பெரிய ஆட்டமே அந்தத் தேர்வுப் போட்டிதான். அன்றைக்குத்தான் எல்லாத் திரையும் முழு வேகத்தில் ஓடின. திருச்செல்வம் பின்வரிசையில் புனிதாவோடு உட்கார்ந்திருந்தார். எதிரே பெரிய திரையில் ஆட்டம் ஓடியது, அவருக்குப் பாதி புரியவில்லை. மகள் ஏழாம் மேசையில் இருக்கிறாள், அவள் பெயர் அடிக்கடி வருகிறது, கூட்டம் கைதட்டுகிறது, அவருக்கு அது போதும். கடைசிச் சுற்று. ரெண்டு அணியும் சமம். ஷாமினியின் வேலை ஒரு கதவைக் காப்பது. எதிரணிக்காரன் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தான். பெரிய திரையில் எல்லோருக்கும் தெரிந்தது. அவளுடைய ஆள் துப்பாக்கியைக் கீழே தாழ்த்தி, சுவரைப் பார்த்துக்கொண்டு, மரம் மாதிரி நின்றது. எதிராளி அவசரமே இல்லாமல் நடந்து உள்ளே போனான். மூன்று விநாடி. ஆட்டம் முடிந்தது.

ஷாமினி ஹெட்போனைக் கழற்றிவிட்டு நடுவரிடம், திரை கறுத்துப்போனது என்றாள். நடுவர் குனிந்து பார்த்தார். திரை பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பிப் பின்வரிசையில் அப்பாவைத் தேடினாள்.

"அப்பா, வயரக் கொஞ்சம் பாருங்கப்பா."

திருச்செல்வம் எழுந்து வந்தார். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிவதற்கு முன்னாலேயே வாயைத் திறந்துவிட்டார்.

"என் வயர்ல ஒண்ணும் இருக்காது லா."

பிறகுதான் குனிந்து, ரெண்டு முனையையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். இறுகக் கவ்வியிருந்தது. நிமிர்ந்து நடுவரைப் பார்த்து, எல்லாம் டைட்டாக இருக்கிறது என்று தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டலில் மகளின் தலை உருண்டதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

இரண்டே நாளில் அந்த மூன்று விநாடியை ஊரே பார்த்துவிட்டது. காசு வாங்கிக்கொண்டு நின்றாள் என்று முதலில் ஒருவன் இணையத்தில் எழுதினான். பிறகு எழுதாதவனே இல்லை. எவ்வளவு வாங்கினாள் என்பதில்தான் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு. கூட ஆடிய நாலு பேரும் அவளைத் தங்கள் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். போட்டியை நடத்திய குழு விசாரணை வைத்தது. விசாரணைக்குத் தலைவர் ஐங்கரன், பிரிக்பீல்ட்ஸில் மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் வக்கீல். நிதானமான மனிதர், குரலை உயர்த்தாதவர். அவர் திருச்செல்வத்தை அப்பாவாகக் கூப்பிடவில்லை, வயரிங் செய்தவராகக் கூப்பிட்டார். ஷாமினி வெளியே நாற்காலியில் இருந்தாள்.

ஐங்கரன் கேட்டது ஒரே கேள்வி. அந்தத் திரை தானாக மூன்று விநாடி கறுத்துத் திரும்ப வருவதற்கு வயரிங்கில் வாய்ப்பு உண்டா? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான், அவருக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்கிற சொல்லை வேலை விஷயத்தில் அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. வயர் விட்டால் விட்டதுதான், தானாகத் திரும்ப ஒட்டிக்கொள்ள அது என்ன பல்லி வாலா என்று கேட்டார். வாய்ப்பே இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். போட்டுவிட்டு வெளியே வந்தபோது மகள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் உறுத்தியது. அதற்காக இல்லாத கோளாறை இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

இரண்டு வருடத் தடை. போட்டிக் குழுவின் இணையப் பக்கத்தில் அவள் முழுப்பெயர், அப்பா பெயரோடு சேர்த்து, ஏமாற்றுக்காரர்கள் பட்டியலில் ஏறியது. அன்று வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்து அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ஒரு தடவ, ஒரே தடவ, தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ப்பா நீங்க."

"வயர்ல இல்லம்மா. மனசு பதறினா கண்ணு இருட்டும். அது எல்லாருக்கும் வர்றதுதான்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவரோடு பேச்சில்லை. காலையில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போனாள், வந்தாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரவுச் சாப்பாடு கதவுக்கு வெளியே ஆறிக் கிடந்தது. எடை குறைந்து கன்னம் ஒட்டிப்போனது. ஒருநாள் புனிதா துணி துவைக்கும்போது வாய்விட்டே சொன்னாள், வயருக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்டில் பெற்ற பிள்ளைக்கு இல்லை என்று. திருச்செல்வம் கேட்காத மாதிரி வேனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அந்த வாரம்தான் செமினியில் ஒரு வேலை. புதுக் குடியிருப்பு ஒன்றில் ரமணி என்கிற பெண், இளம் எஞ்சினியர், வீட்டிலேயே உட்கார்ந்து ஆடுவதற்கு அதே ரக மானிட்டர் வாங்கியிருந்தாள். கணினியைச் சுவர் அலமாரிக்குள் மறைக்க வேண்டும். திருச்செல்வம் வழக்கம்போல மூன்று மீட்டர் கேபிளை உள்ளே ஒளித்து இழுத்து, திரையைப் போட்டார். ரமணி உட்கார்ந்து முழு வேகத்துக்கு ஏற்றி ஆட ஆரம்பித்தாள். அவர் சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் போயிருக்கும். நிமிர்ந்தபோது திரை கறுப்பாக இருந்தது.

அவர் கையில் ஸ்குரூ டிரைவர் அப்படியே நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. படம் வந்துவிட்டது. ஒன்றுமே நடக்காத மாதிரி, பளபளவென்று.

"கேபிள மாத்திட்டீங்களா அண்ணே?" என்று ரமணி சாதாரணமாகத்தான் கேட்டாள். பெட்டியில் வந்ததையே போடுங்கள், இந்த மானிட்டர் இழுக்கிற இழுப்புக்குப் பழைய ரகக் கேபிள் நீளமாகப் போனால் தாங்காது என்றாள். அவர் நம்பாமல் நின்றதைப் பார்த்துவிட்டு விளக்கினாள். "பழைய டிவில சிக்னல் கம்மியானா புள்ளி புள்ளியா வரும், நமக்கே தெரிஞ்சிடும். இது அப்படி இல்லண்ணே. கடைசி வரைக்கும் பளிச்சுனு காட்டும். தாங்கலன்னா மொத்தமா போய்ட்டுத் திரும்பி வரும்."

குட்டைக் கேபிளை மாட்டினார். ஒரு மணி நேரம் பின்னால் நின்று பார்த்தார். கறுக்கவே இல்லை. ரமணிக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும், உட்காருங்கள் என்று ரெண்டு தடவை சொன்னாள்.

திரும்பி வரும் வழியில் நெடுஞ்சாலை ஓரமாக வேனை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். புனிதாவின் அப்பா இறந்தபோதுகூட அழாத மனிதர். மகள் கண்ணால் கண்டதைச் சொன்னாள், பொய்யாக்கியவர் அவர். அவளைத் திருடி என்று ஊர் எழுதியதில் முதல் கையெழுத்து அவருடையது. நேரே வீட்டுக்குப் போய் அவள் காலில் விழ வேண்டும் என்று அந்த நிமிடம் நிஜமாகவே நினைத்தார். அதில் கள்ளம் இல்லை.

ஆனால் வயர்மேன் புத்தி என்று ஒன்று இருக்கிறது. ஒரு இடத்தில் கோளாறு தெரிந்தால், அந்தத் தொழிலில் யாரும் முதலில் உட்கார்ந்து பேசமாட்டார்கள். முதலில் சரி செய்வார்கள். கரண்ட் கசிகிற வீட்டில் நின்றுகொண்டு யார் தப்பு என்று பேசினால் ஆள் செத்துப்போவான். சரி செய், அப்புறம் சொல். இருபத்தெட்டு வருடம் அவரைக் காப்பாற்றிய பழக்கம் அது. அந்தக் கூடத்தில் இன்னும் பன்னிரண்டு கேபிள் அப்படியே கிடக்கிறது என்பதுதான் கண்ணைத் துடைத்ததும் அவருக்கு முதலில் தோன்றியது. நாளைக்கு இன்னொரு பிள்ளை உட்காரும், இன்னொரு மூன்று விநாடி கறுக்கும். போதாததற்கு, ஷா ஆலமிலும் பூச்சோங்கிலும் திறக்கப்போகும் ரெண்டு புதுக் கிளைகளின் வேலையையும் அவருக்கே தருவதாக யோகநாதன் சொல்லி வைத்திருந்தார். இதையும் அவர் நினைக்காமல் இல்லை. நினைக்கவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கூடத்துக்கு விடுமுறை. தூசி தட்ட வருவதாக யோகநாதனிடம் சொல்லிச் சாவி வாங்கினார். ஒவ்வொரு மேசையிலும், மானிட்டர் காலுக்கு நேர் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு ஓட்டை போட்டார். ஸ்டோர் ரூமில் கிடந்த குட்டைக் கேபிள் அதன் வழியாக நேராக இறங்கிக் கணினிக்குப் போய்ச் சேர்ந்தது. முன்னமே இப்படி யோசித்திருக்கலாம், பத்து நிமிட யோசனைதான். ஓட்டைக்குக் கறுப்பு ரப்பர் வளையம் மாட்டினார். மரத்தூளை வேக்குவம் வைத்து ஒரு பொடி இல்லாமல் உறிஞ்சினார். நீளக் கேபிள் பன்னிரண்டையும் உருவிச் சுருட்டி, அன்று மாலையே பழைய இரும்பு எடுக்கும் லோரியில் போட்டார். எல்லாம் முடிந்தபின் கதவருகே நின்று திரும்பிப் பார்த்தார். எதுவுமே மாறாத மாதிரி இருந்தது. இருபத்தெட்டு வருடத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை என்று மனத்தில் ஒரு திருப்தி வந்தது, அதற்காகவும் அவர் வெட்கப்பட வேண்டியவர்தான்.

அன்று மாலை மகளிடம் சொல்லிவிட வேண்டும் என்று போனார். கதவு சாத்தியிருந்தது. நாளைக்கு ஆகட்டும் என்று விட்டார். மறுநாள் அவள் முகம் நன்றாக இல்லை. அதற்கு மறுநாள் புனிதாவுக்குக் காய்ச்சல். ஒருவன் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துவிட்டால் காரணங்கள் வரிசையில் வந்து நிற்கும். இப்படியே பதினொரு நாள் போனது.

பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை மாலை, புனிதாதான் சொன்னாள். ஷாமினி யாருக்கும் தெரியாமல் மேல்முறையீடு எழுதிப் போட்டிருக்கிறாள். இரண்டாம் தடவை எழுதியபோது ஐங்கரனே இரங்கி ஒத்துக்கொண்டுவிட்டார். நாளைக் காலை பத்து மணிக்குக் கிள்ளானில், அதே ஏழாம் மேசையை, முழு வேகத்தில் வைத்து மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்க்கப்போகிறார்கள். ஒரே ஒரு தடவை கறுத்தால்கூடப் போதும், தடையை எடுத்துவிடுவார்கள்.

"ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொன்னா. நீங்க போய் ஏதாச்சும் சொல்லிடுவீங்கன்னு பயம் அவளுக்கு."

திருச்செல்வம் உடனே போனைக் கையில் எடுத்தார். ஷாமினி எங்கே என்று கேட்டார். பத்துமலை முருகன் கோயிலுக்குப் போயிருக்கிறாள், அங்கிருந்து தோழி வீட்டில் தங்கிவிட்டு நேரே கிள்ளானுக்கு வருவாள் என்றாள் புனிதா. அவர் மகளுக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி செய்தார். எட்டாவது தடவை அணைத்துவிட்டாள். பழைய இரும்பு லோரிக்காரன் எண்ணைத் தேடிப் பிடித்துக் கேட்டார். அதெல்லாம் உரித்துச் செம்பு எடுத்தாயிற்று அங்கிள் என்றான் அவன்.

காலையில் அவர் போனபோது எல்லோரும் வந்துவிட்டிருந்தார்கள். ஐங்கரன், அவரோடு கருவியும் கையுமாக ஒரு சீன இளைஞன், யோகநாதன், ஷாமினி. மேசை நடுவே ஏழாம் மானிட்டர் எரிந்துகொண்டிருந்தது, சோதனை முன்னமே ஆரம்பித்தாயிற்று. ஷாமினியின் நெற்றியில் திருநீறு. அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. அவர் ஓரமாகப் போய் நின்றார். அவளைத் தனியாகக் கூப்பிடப் பார்த்தார். திரையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன் என்று கையால் சைகை காட்டினாள். அத்தனை பேர் முன்னால் சொல்ல அவருக்கு இன்னும் மனம் வரவில்லை.

அந்த மூன்று மணி நேரத்தை எப்படிச் சொல்வது? அவள் முதுகை நிமிர்த்தி, ரெண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இமைத்தால் அந்த நேரம் கறுத்துவிடுமோ என்று இமைக்காமல் பார்த்தாள். கண்ணில் நீர் கட்டி வழிந்தது, துடைக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கறுத்துப் போ என்று அந்தத் திரையைக் கெஞ்சுகிறாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. திரை அவளைப் பார்த்து எரிந்துகொண்டே இருந்தது. அவர் மாட்டிய கேபிள், அவர் போட்ட ஓட்டை வழியாக, ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. முதல் மணி நேரத்தில் அவள் நம்பிக்கையோடு இருந்தாள். இரண்டாவதில் ஐங்கரனை அடிக்கடி திரும்பிப் பார்த்தாள். மூன்றாவதில் யாரையும் பார்க்கவில்லை. தோள் மெதுவாகத் தொங்கியது.

சீன இளைஞன் கருவியைப் பார்த்துவிட்டு, சிக்னல் ஒரு தடவைகூட விடவில்லை என்றான். ஐங்கரன் வருத்தத்தோடுதான் கேட்டார், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று. ஒன்றும் இல்லை சார் என்றாள் ஷாமினி.

அப்போது திருச்செல்வம் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். நீளக் கேபிள், மீன் படம், டிக் போட்ட கட்டம், செமினி, திங்கட்கிழமை, ஓட்டை, இரும்பு லோரி. கோர்வையாக வரவில்லை, முன்னும் பின்னுமாக வந்தது. மானிட்டரைத் தூக்கி ஓட்டையைக் காட்டினார். இது அன்றைக்கு இல்லை, நான் போட்டது, பதினைந்து நாள்கூட ஆகவில்லை என்றார்.

ஐங்கரன் பொறுமையாகக் கேட்டார். யோகநாதனைத் திரும்பிப் பார்த்து, இந்த ஓட்டை எப்போதிலிருந்து இருக்கிறது என்றார். யோகநாதனுக்கு ரெண்டு கிளை திறக்க வேண்டும். மேசை வந்ததிலிருந்தே இருக்கிறது, பெட்டிக் கேபிள்தான் போட்டோம், வாரண்டி பாரத்தில்கூடச் செல்வம் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றார். சொல்லும்போது திருச்செல்வத்தின் முகத்தை அவர் பார்க்கவில்லை. பழைய மாதிரிக் கேபிள் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டுகிறேன், இப்போதே கறுப்பதைக் காட்டுகிறேன் என்று திருச்செல்வம் மன்றாடினார்.

"கொண்டுவந்தா கறுக்கும், நம்புறேன்" என்றார் ஐங்கரன். "அன்னைக்கு அதுதான் இங்க இருந்துச்சுன்னு யார் சொல்றது? இதே கையெழுத்தப் போட்டு வாய்ப்பே இல்லைன்னு எங்கிட்ட எழுதிக் கொடுத்தது நீங்கதானே அண்ணே." பிறகு குரலைத் தாழ்த்தி, தோளில் கை வைத்தார். "எனக்கும் பொண்ணு இருக்கா. நானா இருந்தாலும் இப்படித்தான் ஏதாச்சும் சொல்லியிருப்பேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

வேனில் ஷாமினி அவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். ஐந்து வாரத்தில் முதல் தடவை. வேன் பெடரல் ஹைவேயில் ஏறியது. பிறகு பசிக்கிறது என்றாள். அவர் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வாழையிலைக் கடை முன்னால் நிறுத்தினார். சோறு வந்தது. அவள் பிசைந்து வேகமாகச் சாப்பிட்டாள், ரசத்துக்குக் கையை நீட்டினாள். இந்தப் பிள்ளை இப்படிச் சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேங்க்ஸ்ப்பா" என்றாள் இலையைப் பார்த்துக்கொண்டே.

"எதுக்கும்மா?"

"ஒங்க வேலைய நீங்களே தப்புன்னு சொல்லி என் வாழ்க்கையில நான் கேட்டதில்ல. எனக்காக அத்தன பேர் முன்னாடி சொன்னீங்க."

அது பொய் இல்லையம்மா, நடந்ததைத்தான் சொன்னேன், சத்தியமாக நான்தான் என்றார். அவள் இடது கையை நீட்டி அவர் முழங்கையைப் பிடித்தாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரோடு கடக்கையில் அப்படித்தான் பிடிப்பாள்.

"போதும்ப்பா. விடுங்க. அந்தத் திரைய மூணு மணி நேரம் பாத்தேனே. ஒண்ணுமே இல்ல. நீங்க அன்னைக்கே சொன்னீங்க, மனசு பதறினா கண்ணு இருட்டும்னு. நான்தான் கேக்கல, ஒங்க மேலயே பழியப் போட்டேன். இனிமே என் கண்ண நான் நம்பமாட்டேன். நீங்க சொன்னா சரி."

இன்னொரு தடவை சொல்லலாம். அவள் கையைப் பிடித்து, முகத்தைத் திருப்பி, நம்புகிற வரைக்கும் சொல்லலாம். சொன்னால் ஒருவேளை நம்பிவிடுவாள். நம்பிய பிறகு இந்தக் கை அவர் முழங்கையில் இருக்காது. பக்கத்து இருக்கையில் இனி ஏறவும் மாட்டாள். அவர் வாயைத் திறந்தார். அவள் அவரையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடும்மா" என்றார் திருச்செல்வம். "சோறு ஆறுது."